சொட்டாத இடம்

அந்தக் குடியிருப்பில், ஒருவருடைய காரில் செருகியிருக்கும் சார்ஜரை மற்றொருவர் கழற்றுவதில்லை. கார் முழுதும் நிரம்பி, சுவர்ப் பெட்டியின் நீல விளக்கு பச்சையாக மாறி, இனி ஏற இடமில்லை என்று இயந்திரமே அறிவித்துவிட்ட பிறகும், உரியவர் இறங்கி வந்து தம் கையால் எடுக்கும்வரை அது அங்கேயே இருக்கும். இந்த விதி சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் இல்லை. எந்தக் கூட்டத்திலும் எவரும் இதை முன்மொழியவில்லை. எழுதப்பட்டிருந்தால் யாரேனும் எதிர்த்திருப்பார்கள், திருத்தம் கேட்டிருப்பார்கள், குறைந்தபட்சம் மீறியாவது இருப்பார்கள். எழுதப்படாததால்தான் அதற்கு அத்தனை பலம்.

சார்ஜர் ஒன்றே, மின்சாரக் கார் வைத்திருந்த வீடுகள் ஐந்தாறு. அடுத்து வேண்டும் என்பவர் தம் வீட்டுத் துணிக் கிளிப் ஒன்றைப் பெட்டிக்கு மேலுள்ள கம்பியில் மாட்டிவிட்டுப் போவார். எந்த நிறம் எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரியும். காருக்குரியவர் அதைப் பார்க்க வேண்டும், பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், புரிந்துகொண்ட பின் மனமிரங்கவும் வேண்டும். வீட்டு மணியை அடித்துக் கேட்பது அநாகரிகம். மிகவும் அவசரமானவர்கள் கீழே வந்து தம் காருக்கருகில் நின்று டிக்கியைத் திறந்து மூடுவார்கள், கால்மிதியை உதறுவார்கள், ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் துடைத்தபடி மேலே கேட்கும் அளவுக்கு இருமுவார்கள். இருமலுக்கும் யாரும் வராதபோது, "பரவாயில்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு லிஃப்டில் ஏறுவார்கள். இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அனுசரணை.

கார்கள் நின்ற கீழ்த்தளத்தின் கூரை முழுவதும் கழிவுக் குழாய்கள். ஒவ்வொரு வீட்டின் குளியலறையும் கழிவறையும் தம்மிடமிருந்து நீங்க வேண்டியதையெல்லாம் அந்தக் குழாய்களின் வழியே கார்களின் தலைக்கு மேலாக அனுப்பிவைத்தன. பழைய இணைப்புகள் சில வியர்த்தன, சில சொட்டின. சொட்டியது வெறும் தண்ணீர் அல்ல என்பதை மூக்குள்ள எவரும் அறிவார். ஆனாலும் பேச்சில் அது 'கசிவு' என்றே வழங்கிற்று. கார்மேல் தார்ப்பாய் போட்டார்கள். தார்ப்பாயின் மடிப்பில் பழுப்பாகத் தேங்கியதைக் குச்சியால் தள்ளிவிட்டார்கள். பிறகு மேலே போய்க் கைகழுவிச் சாப்பிட்டார்கள்.

சார்ஜர் இருந்த மூலை மட்டும் சொட்டாது. மேலே கழிவுக் குழாய் போகும் இடத்தில் மின்சாரப் பெட்டி வைக்கக் கூடாது என்று இணைப்புக் கொடுக்க வந்தவர்கள் கண்டிப்பாகச் சொன்னதால், குப்பை அறையை ஒட்டி, குழாயே இல்லாத ஒரே இடத்தில் அதைப் பொருத்தியிருந்தார்கள். அங்கே குப்பை நாற்றம் உண்டு. ஆனால் நாற்றம் காரின்மேல் சொட்டுவதில்லை.

அந்த மூலையில்தான் கண் டாக்டரின் வெள்ளைக் கார் எப்போதும் நின்றது. ஓய்வுபெற்ற அந்த டாக்டரின் வீடு தரைத்தளத்தில், கீழ்த்தளத்துக்கு நேர் மேலே. முடிவெட்டிக்கொள்ளவும் வங்கிக்கும் என்று எப்போதாவது காரை வெளியே எடுப்பார். திரும்பி வந்ததும் செருகிவிடுவார். இரண்டு தெருவைச் சுற்றி வந்த காருக்கு என்ன ஏற வேண்டியிருக்கிறது என்று எவரும் கேட்டதில்லை. மூக்கில் குழாய் செருகிய நோயாளியைப் போல நாட்கணக்கில் அது அங்கே கிடக்கும். "பேட்டரிக்கு நல்லது" என்பார் டாக்டர். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். அந்தக் கட்டடத்தின் வயதானவர்களில் பாதிப் பேருக்கு அவர் காசு வாங்காமல் கண்புரை எடுத்திருந்தார். அவர்கள் தெளிவாகப் பார்த்தார்கள், பார்த்ததைச் சொல்வதில்லை.

நாலாம் மாடியில் குடியிருந்தவளை 'டீச்சர்வண்டி' என்றுதான் அங்கே குறிப்பிட்டார்கள். ஊருக்கு வெளியே, பேருந்து போகாத ஒரு பள்ளிக்கு நான்கு ஆசிரியைகளைத் தினமும் தன் மின்சாரக் காரில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்து வருவது அவளுடைய தொழில். கணவன் தையல் கடையில் துணி வெட்டுபவன். வீடு பாதி அவன் கத்திரியிலும் பாதி அவள் ஸ்டீயரிங்கிலும் ஓடியது. போன ஆண்டு சங்கச் செயலாளர், லிஃப்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் காலியாகியிருக்கிறது என்று பெரிய உதவி போலச் சொல்லி அவளுக்குக் கொடுத்தார். அந்த இடத்தில் சொட்டுவது சரியாக முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில், காருக்குள் காற்று போகும் துவாரத்தின்மேல் விழுந்தது. தார்ப்பாய் ஒரு வாரம் தாங்கியது. பிறகு அதுவே ஊறிப்போய், விழுந்ததைச் சேர்த்துவைத்து வடித்துக் கொடுக்கத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை காலை கார் ஊரெல்லையைத் தாண்டியபோது பின்சீட்டிலிருந்து அறிவியல் டீச்சர் சொன்னாள்:

"அக்கா, ஏசிய நிறுத்திடுங்க."

"நிறுத்தினா வெந்துபோவோமேம்மா."

"வேகட்டும். வெந்த வாசனை இதைவிட நல்லாருக்கும்."

"நேத்து பாட்டு டீச்சர் என் பக்கத்துல உக்காந்துட்டு மெதுவா நாற்காலிய நகத்தினாங்க," என்றாள் விளையாட்டு டீச்சர். "நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன்னு சத்தியம் பண்ணாத குறை."

"நீ சத்தியம் பண்ணாலும் நம்பமாட்டாங்க. உன்னை அவங்க மைதானத்துல பாத்திருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டியவளும் சிரித்தாள். சிரிக்கும்போது வாயைத் திறக்க வேண்டியிருந்தது. திறந்த வாய்க்குள் அந்த நாற்றம் நாக்கின்மேல் ஒரு பூச்சாகப் படிந்தது.

முன்சீட்டிலிருந்த கணக்கு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. நால்வரையும் சேர்த்து இந்த ஏற்பாட்டைச் செய்தவள் அவள்தான்.

"சிரிக்கிற விஷயம் இல்ல. திங்கக்கிழமை பரீட்சை ஆரம்பம். மணி அடிக்கறப்ப நாங்க ஹால்ல நிக்கணும். நீங்க இந்த வாரம் ரெண்டு நாள் லேட்டு."

"சார்ஜ் போட எடம் கெடைக்கல மேடம். கடைவளாகத்துல போய் வரிசைல நின்னு போட்டுட்டு வந்தேன்."

"உங்க கஷ்டம் புரியுது. ஆனா எனக்கு மெமோ குடுத்தா அதுல உங்க கஷ்டத்தைப் பதிலா எழுத முடியாது." கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தாள், அடுத்த வாக்கியத்துக்கு மரியாதை சேர்ப்பதற்காக. "ஒரு வேன்காரர் ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருக்கார். திங்கக்கிழமை நீங்க நேரத்துக்கு, நாத்தம் இல்லாம வந்தா வாங்க. இல்லன்னா அவர்கிட்ட சொல்லிடுவேன். கோவிச்சுக்காதீங்க."

"கோவம் ஒண்ணும் இல்ல மேடம்," என்றாள் அவள். அது பொய்யுமல்ல. கோபம் என்றால் அது நேரே வெளியே போகும். இது தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் கட்டியாக நின்றது.

அன்று மாலை காரின் துவாரத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தாள். மூடியைக் கழற்றியபோது உள்ளே சருகுகளைச் சேர்த்துப் பிடித்திருந்த பழுப்புக் கொழகொழப்பு விரலோடு நூலாக நீண்டு வந்தது. அதில் ஒரு தலைமுடி இருந்தது, நரைத்த நீள முடி. அவளுடைய வீட்டில் எவருடையதும் அல்ல. குப்பை அறை வாசல்வரை ஓடிப் போய்க் குமட்டினாள். வாந்தி எடுப்பதற்கும் அதைவிட மோசமான இடம் அங்கே வேறில்லை. நிமிர்ந்தபோது எதிரே டாக்டரின் கார் பளபளத்தது. பச்சை விளக்கு எரிந்தது. கம்பியில் அவளுடைய மஞ்சள் கிளிப் தொங்கியது.

இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள்.

"டாக்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னன்னு சொல்றது? அம்மாவுக்குக் கண்ணு குடுத்த மனுஷன்."

"குடுத்தார். நான் இல்லன்னு சொல்லல. திங்கக்கிழமை எனக்குச் சார்ஜ் இல்லன்னா வேலை போயிடும். வண்டிக்குள்ள இன்னைக்கு என்ன இருந்துது தெரியுமா?"

"சாப்பிடறப்ப சொல்லாத."

"வேற எப்ப சொல்றது? சாப்பிடாதப்ப நீங்க கடைல இருக்கீங்க."

"கிளிப் மாட்டியிருக்கல்ல? பாத்துட்டு எடுப்பார்."

"செவ்வாக்கிழமைலேருந்து மாட்டியிருக்கு. அவர் பாக்கறதுக்குள்ள அதுல ஒட்டடை புடிச்சிடும்."

மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமியார் தலை நிமிராமல் சொன்னாள்: "டேய், அவர் என் கண்ணைத்தான் தெறந்துவிட்டார். மூக்கைப் பொத்திக்கணும்னு மருந்துச் சீட்டுல எழுதலையே."

"அம்மா, நீ வேற."

"நான் வேறதான்டா. வண்டி அவளுது, நாத்தமும் அவளுது. உனக்கென்ன, புதுத்துணி வாசத்துல உக்காந்திருக்க."

"சரி அத்தை, விடுங்க," என்றாள் அவள். தன் பக்கம் பேசியவளையே அடக்க வேண்டிய நிலைமை வந்ததை எண்ணி, வாயிலிருந்த கவளத்தை மெல்லாமல் விழுங்கினாள்.

சனிக்கிழமை, மாமியாரின் கண் சொட்டு மருந்தைச் சாக்காகக் கொண்டு அவள் தரைத்தளத்துக்கு இறங்கினாள். மருந்துக்காக மணி அடிக்கலாம். அது அநாகரிகம் ஆகாது. கதவைத் திறந்தது டாக்டரின் மனைவி. எல்லோரிடமும் அன்பாகப் பேசுபவர், தலை முழுக்க நரைத்திருந்தும் பின்னல் இடுப்புவரை நீண்டிருந்தது. அந்தப் பின்னலைப் பார்த்ததும் இவள் ஒரு கணம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"வாம்மா வா. ஏன் வெளியவே நிக்கற? உள்ள வா, டீ போடறேன். எங்க புது பாத்ரூமை நீ பாக்கலையே?"

"இருக்கட்டும்மா, மருந்து மட்டும்…"

"மருந்து எங்க ஓடிடப் போகுது. வா, பாத்துட்டுப் போ. ஐயா சின்னதுல இருக்கார், இது பெருசு."

கையைப் பிடித்து அழைத்துப் போனார். அந்தக் குளியலறை இவளுடைய படுக்கையறையைவிட விசாலமானது. சாம்பல் நிறத்தில் வழவழவென்று டைல்ஸ், குளிக்குமிடத்துக்குக் கண்ணாடிக் கதவு, சன்னல் மேடையில் ஒரு சிறு செடி. எலுமிச்சை மணம் வீசியது.

"நல்லாருக்கா?"

"ரொம்ப நல்லாருக்கும்மா."

"ஒரே ஒரு குறைதான்." அவர் குரலைத் தாழ்த்தினார், வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் சிறு வருத்தம் ஒன்றைப் பகிர்வதைப் போல. "அடியில குழாய் இணைப்பு விட்டுப்போச்சாம். கீழ சொட்டுதாம். சரிபண்ணணும்னா இதோ, இங்கேருந்து இங்க வரைக்கும் உடைக்கணும்ங்கறான். இப்பத்தான் போட்டோம், இதை யாராவது உடைப்பாங்களா? ஐயாவும் வேணாம்னுட்டார். கீழ வண்டி நிக்கற எடம்தானே, மனுஷங்க இருக்கற எடம் இல்லையேன்னார்."

அவள் தரையைப் பார்த்தாள். லிஃப்டுக்குப் பக்கம், தூணுக்கு இந்தப் புறம். மனத்துக்குள் ஒருமுறை கீழே போய் நின்று பார்த்தாள். சந்தேகமே இல்லை.

"முன்னாடி அந்த எடத்துல எங்க வண்டிதான் நின்னுது," என்று அவர் தொடர்ந்தார். "பாவம், நல்ல வண்டி, கூரையெல்லாம் கறை. அப்புறம்தான் ஐயா யோசிச்சு, அதை வித்துட்டு இந்தக் கரண்டு வண்டியை வாங்கினார். அந்த மூலைல சொட்டாதுல்ல. எனக்குக் கூட அப்ப புரியல. ஒரு கார் நிக்கறதுக்காக இன்னொரு காரான்னு கேட்டேன். பாரு, எவ்வளவு சுத்தமா நிக்குது இப்ப."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வஞ்சகம் துளியும் இல்லை. வஞ்சகம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். தன் வீட்டிலிருந்து கீழே போவது ஒருவர் தலைமேல் விழுகிறது என்பதும், அந்த ஒருவர் இப்போது தன்னெதிரே நிற்கிறார் என்பதும் அவருக்குள் இரண்டு தனித்தனிச் செய்திகளாக இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய அவசியம் அவருடைய வாழ்க்கையில் வந்ததே இல்லை.

பக்கத்துக் கழிவறையில் தண்ணீர் திறந்துவிடும் ஓசை கேட்டது. சுவருக்குள் அது இரைந்து இறங்கியது. அவளுடைய காதுகள் அவளைக் கேளாமலே அதைப் பின்தொடர்ந்தன: தரைக்கு அடியில், குழாயின் வளைவில், இணைப்பில், அங்கிருந்து சொட்டாக.

டாக்டர் கையைத் துண்டில் துடைத்தபடி வெளியே வந்தார். "அடடே, வாம்மா. அம்மாவுக்குப் பார்வை எப்படி இருக்கு?" என்று கேட்டபடி, இன்னும் ஈரம் காயாத கையை வாத்சல்யத்தோடு அவள் தோளில் வைத்தார். சட்டைத் துணி வழியே அந்த ஈரம் தோலைத் தொட்டது.

"நல்லாருக்கு டாக்டர். கீழ கிளிப் மாட்டியிருக்கேன்."

"பாத்தேம்மா, பாத்தேன். நாளைக்குச் சாயங்காலம் பக்கத்து பில்டிங்காரங்க நம்ம சார்ஜரைப் பாக்க வராங்க. அவங்களும் ஒண்ணு வைக்கப் போறாங்களாம். ஒரு வண்டி செருகி நின்னாத்தானே அவங்களுக்கு விளங்கும்? திங்கக்கிழமை வாக்கிங் போறப்ப எடுத்துவிடறேன்."

"திங்கக்கிழமை காலைல டீச்சருங்களுக்குப் பரீட்சை டூட்டி டாக்டர். ஞாயித்துக்கிழமை ராத்திரியே போட்டாத்தான் ஏறும்."

"ராத்திரி நான் படி இறங்கறதில்லம்மா. மூட்டு."

"நானே கழட்டி…" என்று தொடங்கினாள்.

டாக்டரின் புன்னகை அப்படியே இருந்தது. அதற்குப் பின்னாலிருந்து எதுவோ எழுந்து வெளியேறிவிட்டது. தோளிலிருந்த கை விலகியது. "டீ ஆறிடும், குடிம்மா," என்றார் மனைவி அவசரமாக.

"பொறுமைதாம்மா நம்ம பில்டிங்குக்கு அழகு," என்றார் டாக்டர்.

அவள் அந்த டீயைக் குடித்தாள். முழுவதும் குடித்தாள். வீட்டுக்குப் போய்த் தோளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியபோது, டாக்டரைவிட அந்தக் காலிக் கோப்பையே அவளுக்கு அதிகம் அருவருப்பூட்டியது.

ஞாயிறு காலை கீழ்த்தளத்தில் செயலாளர் ஓடியாடிக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் வருகிறார்கள் அல்லவா. சொட்டும் இடங்களில் வாளிகளை வைத்து, வாளிகள் தெரியாமல் மொட்டைமாடியிலிருந்து கொண்டுவந்த செடித் தொட்டிகளால் மறைத்தார். இரண்டு கைகளிலும் வாசனை டப்பாக்களைப் பிடித்துக்கொண்டு, கொசு மருந்து அடிப்பவரைப் போலக் குறுக்கும் நெடுக்குமாக அடித்தார். மல்லிகையும் சாக்கடையும் கலந்து, இரண்டிலும் சேராத மூன்றாவது நாற்றமாக எழுந்து நின்றது.

"ஏம்மா, ஒரு உதவி," என்றார் அவளைக் கண்டதும். "உங்க வண்டிய சாயங்காலம் வரைக்கும் வெளிய எங்கயாவது நிறுத்திக்கறீங்களா? பாக்க ஒரு மாதிரி இருக்கு. கறையும் அதுவுமா."

"கறை எங்கேருந்து வருதுன்னு தெரியுமா சார்?"

"கசிவும்மா. எல்லா பில்டிங்லயும் இருக்கறதுதான்."

"டாக்டர் வீட்டுக் குளியலறைலேருந்து வருது."

செயலாளர் அங்குமிங்கும் பார்த்தார். பிறகு அவளுக்கும் தனக்கும் நடுவில் ஒருமுறை மல்லிகையை அடித்தார். "தெரியும்மா. எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கு இதையெல்லாம் கிளறாதீங்க."

எல்லாருக்கும் தெரியும். இடம் கொடுத்தபோது இவருக்கும் தெரிந்திருக்கிறது. லிஃப்டுக்குப் பக்கம் என்று சொல்லிக் கொடுத்த அந்த உதவியை அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் மறுபேச்சில்லாமல் காரை எடுத்துக்கொண்டு கடைவளாகத்துக்குப் போனாள். அங்கிருந்த சார்ஜரில் 'பழுது' என்று தாள் ஒட்டியிருந்தது. காவலாளி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அடுத்த சார்ஜர் நெடுஞ்சாலையில். அதுவரை போவதற்கு வண்டியில் உயிர் இல்லை. ஏசியையும் பாட்டையும் நிறுத்தி, மெதுவாக உருட்டிக்கொண்டு வீடு திரும்பினாள். சரிவில் கீழ்த்தளத்துக்கு இறங்கியபோது காரின் திரையில் சிவப்பு எழுத்துகள் எரிந்துகொண்டிருந்தன.

மூலையில் கூட்டம் நின்றது. பக்கத்துக் கட்டடத்திலிருந்து சிலர், இந்தக் கட்டடத்திலிருந்து ஏறக்குறைய எல்லோரும். மரியாதைக்காக அழைக்கப்பட்டு, மரியாதைக்காக வந்திருந்தார்கள். அவளுடைய கணவனும் பின்வரிசையில் கைகட்டி நின்றான். டாக்டர் தம் வெள்ளைக் காரின்மேல் லேசாகச் சாய்ந்தபடி பேசினார்.

"கருவி எங்க வேணும்னாலும் வாங்கிடலாம். பழக்கம்தான் முக்கியம். இங்க பூட்டு இல்ல, கேமரா இல்ல, எழுதி வச்ச சட்டம் இல்ல. ஆனா இன்னைய வரைக்கும் ஒருத்தர் பிளக்கை இன்னொருத்தர் புடுங்கினது கிடையாது. ஏன்? ஒருத்தர் தேவையை இன்னொருத்தர் மதிக்கறோம்."

கூட்டம் தலையாட்டியது. துணிக் கிளிப் முறையைச் செயலாளர் விளக்கினார். விருந்தாளிகள் வியந்தார்கள். அவர்களில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் மட்டும் சுவர்ப் பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"பச்சை எரியுதே, நிறைஞ்சிடுச்சுன்னு அர்த்தமா?"

"ஆமா."

"எப்ப நிறைஞ்சுது?"

டாக்டர் செயலாளரைப் பார்த்தார். "இப்பத்தான் மேடம்," என்றார் செயலாளர். "நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"அப்படியா," என்று அந்த அம்மாள் சுற்றியிருந்தவர்களை நோக்கினார். ஒவ்வொரு தலையும் ஆமென்று அசைந்தது. அவளுடைய கணவனின் தலையும் அசைந்தது.

அவள் காரை அந்த மூலைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினாள். அந்தத் தலை அசைந்ததை அவள் பார்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமையிலிருந்து தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் நின்ற கட்டி அப்போது நகர்ந்தது.

"புதன்கிழமை நிறைஞ்சுது," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"செவ்வாக்கிழமை நான் கிளிப் மாட்டினேன். புதன்கிழமை பச்சை எரிஞ்சுது. அன்னைலேருந்து எரியுது. எல்லாரும் தினமும் பாத்துட்டுத்தான் போறாங்க."

"வாம்மா, வா," என்றார் டாக்டர் விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தபடி. "நம்ம பொண்ணு. நாலாம் மாடி. ஓட்டறதுல கெட்டிக்காரி. காலைல எடுத்துடறேன்னு சொல்லியிருக்கேனேம்மா."

"காலைல எனக்கு உபயோகம் இல்ல டாக்டர். நாளைக்கு நேரத்துக்குப் போகலன்னா என் பொழைப்பு போயிடும். இப்ப எடுங்க."

"ஏய்," என்று பின்வரிசையிலிருந்து கணவனின் குரல் வந்தது. "என்ன இது, பெரியவர்கிட்ட…"

"நீங்க தலைய ஆட்டி முடிச்சாச்சுல்ல? சும்மா இருங்க."

விருந்தாளிகளில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். செயலாளர் முன்னால் வந்து தணிந்த குரலில், "சரிம்மா, இவங்க போகட்டும், பேசிக்கலாம்," என்றார். அவருடைய விரல் அனிச்சையாக வாசனை டப்பாவை அழுத்தியது. டாக்டர் அதே கனிவோடு கையை விரித்தார்.

"இப்ப இதை எடுத்து நான் எங்கம்மா கொண்டுபோய் நிறுத்துவேன்?"

"உங்க பழைய எடத்துல நிறுத்துங்க. காலியாத்தான் இருக்கு. அங்க சொட்டறது உங்க பாத்ரூம் தண்ணிதான்."

செடித் தொட்டிகளுக்குப் பின்னால் மறைத்துவைத்திருந்த வாளிக்குள் ஒரு சொட்டு விழுந்தது. கண்ணாடி போட்ட அம்மாள் ஓசை வந்த திசையைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார், பிறகு புடவைத் தலைப்பை எடுத்து மூக்கின்மேல் வைத்துக்கொண்டார். கட்டடத்துக்காரர்கள் அனைவரும் தரையைப் பார்த்தார்கள். சாய்ந்திருந்த டாக்டர் நிமிர்ந்தார். தம் காருக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நிற்பார் என்று தோன்றியது. நிற்கவில்லை. அந்தக் கட்டடத்தில் அதற்கு முன்பு அவருக்கு அப்படி நிற்க வேண்டி வந்ததே இல்லை. ஆகவே எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் காரின் பக்கவாட்டுக்குப் போனாள். கைப்பிடி குளிர்ந்திருந்தது, எத்தனையோ கைகளின் பிசுபிசுப்பு அதில் ஏறியிருந்தது. நிறைந்த காரின் பிடி தானாகவே தளர்ந்துவிடும் என்பது மின்சாரக் கார் வைத்திருந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில், இழுத்தாள். துளியும் சிரமமில்லாமல் கையோடு வந்தது.